பாசி பிடிக்காத தொட்டி

கே.கே. நகரில் பல் கிளினிக் நடத்தும் தமிழ்ச்செல்வி அங்கே வைத்திருந்த மீன்தொட்டி இரண்டு முறை பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. மூன்றாம் முறை செடி கேட்டுப் போனபோது, வண்ணமீன் கடைக்காரர் ஜமீல் தானே கிளினிக்குக்குக் கிளம்பி வந்தார்.

தொட்டியை வெயில் விழும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினார். மணல் தெரியாதபடி செடிகளை நெருக்கமாக நட்டார்.

“லைட்டு ஆறு மணி நேரம் போதும் டாக்டரம்மா. வாரத்துக்கு ரெண்டு தடவ பாதித் தண்ணிய மாத்துங்க. ஒரு மாசத்துக்கு மீன் வேணாம்.”

“அம்புட்டு நாளா?”

“செடி வேர் பிடிச்சுட்டா பாசிக்குச் சத்து மிஞ்சாதும்மா.”

அவள் அப்படியே செய்தாள். ஐந்தாம் வாரம் தெளிந்த தண்ணீரில் மீன்கள் நீந்தின. பல் பிடுங்கப் பயந்து அலறிக்கொண்டு வந்த சிறுமி, தொட்டியைக் கண்டதும் அழுகையை மறந்து நின்றாள். தமிழ்ச்செல்விக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே போனை எடுத்தாள்.

“ஜமீல் பாய், நீங்க நல்லா இருக்கணும். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க.”