பிடியரிசிப் பானை

புருஷனுக்கு வியாதி என்று மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைக் கேட்டு, மனசுக்குள் குரவையிட்ட பெண்டாட்டி நேசபாய் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஏசுஅடிமைக்கு நீரிழிவு. கால்விரல் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. "வேளைக்கு ஒரு பிடி அரிசிதான். கருப்புக்கட்டி, மரச்சீனிக் கிழங்கு தொடக்கூடாது. மெள்ள மென்று சாப்பிடணும். இல்லையென்றால் காலை எடுக்கணும்" என்ற டாக்டர், நேசபாயிடம் திரும்பி, "நீங்களே அளந்து போடுங்க" என்றார்.

அளக்கவா அவளுக்குத் தெரியாது?

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஏசுஅடிமை மூக்குமுட்டத் தின்கிறவன். அவன் எழுந்த பிறகு சட்டியில் மீன்முள்தான் மிச்சம். உலை வைக்கும்போதெல்லாம் கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவது சபையில் எல்லா வீட்டு வழக்கம். தன் பங்கிலிருந்து போட மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், தலைப்பிள்ளை பெற்ற எட்டாம் நாளே அடுப்படிக்கு வந்த நேசபாயின் பங்கான இரண்டு பிடியில் ஒன்றைக் கோவில் பானைக்கு எடுக்கச் சொன்னான்.

"பால் இறங்கல்ல. இன்னும் ஒரு பிடி பொங்கட்டா?" என்று அவள் கேட்டாள்.

குவித்த சோற்றில் குழம்பைப் பிசைந்தபடி, "பொம்பளைக்கு ஒரு பிடி போதும்ட்டி" என்றான்.

பிள்ளை இருபத்திரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. அந்த ஞாயிறு, பிடியரிசி தவறாமல் கொடுத்த வீடு என்று கோவிலில் அவன் பெயரை வாசித்தார்கள்.

அதை அவள் மறப்பாளா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவன் கண்ணெதிரே அரிசி அள்ளினாள். ஒரு பிடி உலைக்கு. அவன் வழக்கமாகத் தின்னும் மீதியெல்லாம் பிடியரிசிப் பானைக்கு. விழுகிற சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று கையை உயர்த்திப் போட்டாள். வட்டிலில் சோற்றைவிடக் கீரைதான் அதிகம். அவன் ஏசினான், கெஞ்சினான், கடைசியில் பருக்கை பருக்கையாக மென்றான். அந்தப் பசியைப் பார்த்து நிற்பது அவளுக்கு இனித்தது.

ஆனால் பாருங்கள், நாலாம் மாதம் புண் காய்ந்துவிட்டது. தொந்தி வற்றி, கோவிலுக்கு நடந்தே போனான். "எல்லாம் உன் கைராசி" என்று பெண்கள் புகழப் புகழ, நேசபாய்க்கு வயிறு எரிந்தது. வதைக்கப் போட்ட சோறு அவனை வாழவைத்துவிட்டதே!

அன்று மத்தியானம், ஒரு பிடிச் சோறு போட்ட வட்டிலை அவன் எடுத்து நீட்டினான். "ஏட்டி, புண்ணுதான் ஆறிப்போச்சே. இன்னும் ஒரு பிடி போடு."

சோற்றுப் பானையில் அவளுக்குள்ள சோறு இருந்தது. தினமும் இப்படி அள்ளிப் போட்டால் புண் திரும்பி வரும், காலோடு ஆளும் போவான். ஆனால் அவன் செத்துத் தப்பித்துவிடக்கூடாது.

"ஒரு பிடி போதும்" என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது. எங்கே கேட்ட சொல் என்று யோசித்தான். பிறகு முகம் வெளுத்தது. தலை நிமிராமல், வட்டிலை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ தின்னு, நேசபாய்."

"எனக்கு இப்பம் பசிக்கல்ல" என்றாள் அவள். "அண்ணைக்குத்தான் பசிச்சுது."