கரண்ட் இல்லாத நாளில் நான்காவது ஆல்பம்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லி கரண்டை நிறுத்துவார்கள். ஏரியாவே அன்றைக்கு மின்வாரியத்தைத் திட்டித் தீர்க்கும். ‘சிங்கிள் ஜெர்சி’ என்ற ராக் இசைக்குழு மட்டும் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருக்கும். அன்றைக்குத்தான் அந்தச் சந்தில் நிட்டிங் மிஷின்கள் வாயை மூடும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை, நூல் குடோனுக்குள் உட்கார்ந்து பேட்டரியில் பாட்டைப் பதிவு செய்யலாம். சுற்றிலும் அடுக்கியிருக்கும் நூல் மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும்.

கோயம்புத்தூரில் நல்ல ஸ்டுடியோவுக்கும் போய்ப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் குழுவை நடத்தும் அருள்செல்வனுக்குப் பாடவே வரவில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் மதுமதிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பதினாறு வருடமாக அருள்செல்வன் பாட்டு எழுதினார், கிடார் வாசித்தார், பாடியதில்லை. பாடியது தரணீதரன். முதல் ஆல்பம் வந்தபோது கோவை, ஈரோட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் குரலுக்குத்தான் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். மூன்றாவது ஆல்பத்தோடு தரணி சினிமாவில் பாடச் சென்னைக்குப் போய்விட்டார். பேஸ் கிடார் வாசித்த குணா எத்தியோப்பியாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு மேனேஜராகப் போனான். கூட்டமும் அவர்கள் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. போன வருடம் ஒரு கல்லூரி விழாவில் ஃபேஷன் ஷோவுக்கும் டிஜேவுக்கும் நடுவில் இருபது நிமிடம் கொடுத்தார்கள். பத்தாவது நிமிடமே டிஜே எங்கே என்று கத்த ஆரம்பித்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் கிடாரைப் பரணில் போட்டிருப்பார். அருள்செல்வன் மறுநாள் காலை வழக்கம்போல மிஷின் ஓட்டப் போனார், சாயங்காலம் புதுப் பாட்டோடு வந்தார். அந்த மனுஷன்மேல் மதுமதிக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இந்த ஆல்பத்தில் அவரேதான் பாடப்போகிறார் என்றதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே முரடாகிப் போன தொண்டை அது. இந்தக் குரலோடு ஆல்பம் வந்தால் மிச்சமிருக்கும் நாலு பேரும் கேட்கமாட்டார்கள் என்று பயந்தாள். பயந்ததோடு நிற்காமல், அருள்செல்வனுக்குத் தெரியாமல், விடுமுறைக்குத் திருப்பூர் வந்திருந்த தரணிக்குப் போன் போட்டு, ஒரு பாட்டையாவது வந்து பாடச் சொல்லிவிட்டாள். மூன்று மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

கரண்ட் நிறுத்திய அன்று மதியம் வரை அருள்செல்வன் பாடாமல் கத்திக்கொண்டுதான் இருந்தார். குணாவின் இடத்துக்குப் புதிதாக வந்த ஆஷாதான் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து சொன்னாள்.

“ஏனுங்ணா, இன்னைக்கு மிஷின் ஓடலீங்களே. எதுக்குங்க இவ்ளோ சத்தம்?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாடினார். போனவர்களைப் பற்றிய பாட்டு. அதில் குறையாக ஒரு சொல் இல்லை. ‘போன எடத்துல நல்லா இருங்க, உங்க எடம் இங்க அப்படியே இருக்குதுங்க’ என்ற அடி வந்தபோது அந்தக் கரகரப்பு அப்படியே கனிந்து நின்றது. இப்படி ஒரு குரல் இந்த மனுஷனுக்குள் இருந்தது பதினாறு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. மதுமதிக்குக் கண் கலங்கியது. தான் செய்த காரியம் நினைவுக்கு வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. தரணி உள்ளே வந்து நின்றால் அருள்செல்வன் மறுபேச்சில்லாமல் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அவர் சுபாவம் அப்படி.

ஆஷா பேட்டரியைச் சரிபார்த்த இடைவெளியில் மதுமதி வெளியே ஓடினாள். கேட்டருகே புல்லட்டில் சாய்ந்தபடி தரணி ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார்.

“அவசரப்பட்டு உங்களக் கூப்புட்டுட்டனுங்ணா,” என்றாள். “அருளண்ணனுக்குத் தெரியாதுங்க.”

தரணி கையமர்த்தினார். உள்ளே குரலை மட்டும் பதிவதற்காகப் பாட்டு மறுபடியும் தொடங்கியிருந்தது. மூச்சுவிடாமல் முதல் சரணம் வரை கேட்டார்.

“எங்களப் பத்தித்தான எழுதியிருக்கறாரு?”

“ஆமாங்ணா.”

“அத நானே எப்படி மது பாடறது? பாடுனாலும் இவராட்டம் எனக்கு வராது.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு புல்லட்டின் ஸ்டாண்டை எடுத்தார்.

மதுமதி உள்ளே வந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

“வெளியில யாரு மது?” என்றார் அருள்செல்வன்.

“தரணிண்ணங்க. நாந்தான் பாட வரச் சொன்னேன். தப்புங்ணா.”

அவர் கை ஹெட்போனுக்குப் போனது. “உள்ள கூட்டிட்டு வர வேண்டியதுதான?”

“கேட்டுட்டுப் பொறப்பட்டுட்டாருங்ணா.”

அருள்செல்வன் தலையைக் குனிந்துகொண்டார். “புடிக்கலையாமா?”

“உங்க பாட்டுல சத்தம் உழுந்துருமுன்னு புல்லட்ட ஸ்டார்ட் பண்ணாம, மெயின் ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போறாருங்ணா.”