ஏழு படிகள்

"அங்கிள், அப்பா இதிலை எப்பிடி ஏறுவார்?"

தபாற்கந்தோர் திறப்பு விழாவில் சிறுமி யதுசா கேட்டாள். "ஆரும் தூக்கிவிடுவினம், பிள்ளை," என்று கட்டடக் கலைஞர் சிவபாதம் சிரித்தார். அவளது அப்பா கிறகோரி, போரில் கால் இழந்த மீனவர், ஏழு படிகளுக்குக் கீழே ஊன்றுகோலோடு நின்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நீதிமன்றங்கள் கட்டிய ஒருவரின் வரைபடங்களைப் பார்த்துத் தொழில் பழகியவர் சிவபாதம். அரச கட்டடம் உயர்ந்து நிற்கவேண்டும் என்று அவற்றில் படித்தார். எந்த ஊரில் கட்டுகிறோம் என்பதை மறந்துபோனார்.

தன்னைத் தூக்கும்படி கிறகோரி யாரையும் கேட்கவில்லை. சாகும்வரை, கந்தோருக்கு வந்த நாளெல்லாம் வெயிலில் கீழேயே நின்றார். கடிதங்களை மகள் எடுத்துவந்தாள். அவர் செத்தபின் சிவபாதம் கட்டிய ஒவ்வொரு கட்டடத்திலும் ஓர் ஊன்றுகோல் சத்தம் தட்டித் தட்டி வந்து முதற்படியில் நின்றது. திரும்பினால் ஆளில்லை. கோயிலில் மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

ஓய்வுபெற்றபின் அனுமதி வாங்கி, கந்தோர் பூட்டியிருக்கும் ஞாயிறுகளில் தனியே மண் நிரப்பி, சீமெந்து குழைத்து, படிகளுக்குப் பக்கத்தில் சாய்வுப்பாதை போட்டார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று, ஊரே அங்கே போயிருந்தபோது, சீமெந்து இறுகுவதற்காக அதை மூடியிருந்த ஈரச்சாக்குகளை எடுத்தார்.

பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"ஏறுங்கோ, அண்ணை," என்று ஒதுங்கி நின்றார். சத்தம் நிற்காமல் அவரைக் கடந்து, மெல்ல மேலே போனது.