ஆறு துளைகளும் ஐந்து பொத்தான்களும்

பொத்தான்காரியின் வீட்டுக் கணினி ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்யாது. மற்ற ஆறு நாட்களும் காலை ஆறு மணிக்கு, யாரும் விசையைத் தொடாமலே, விழித்துக்கொள்ளும். பத்து மணிக்குப் பத்து நிமிடம் ஓயும். பிற்பகல் இரண்டு மணிக்கு அணைந்துவிடும். சாய ஆலையின் முதல் ஷிப்டுக்கும் இதே நேரம்தான். முதல் வாரத்தில் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரத்திலிருந்து அதன் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுத் தெருக்காரர்கள் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டார்கள்.

அவள் ஆலைச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பொத்தான் தைப்பவள். அதனால் அந்தப் பெயர். அவள் கணவர் ஆலையின் மூன்றாம் தொட்டியில் துணி புரட்டியவர். சாயநீர் பருத்தி நூலை மூன்றே மாதத்தில் தின்றுவிடும் என்பதால், அவருடைய சட்டைகளுக்கு மட்டும் மீன் தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பால் பொத்தான் தைத்து, அடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுவது அவள் வழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. பதினொன்று இருபதுக்குத் தொட்டியின் மேலிருந்த நடைபலகை முறிந்ததைக் கண்டவர்கள் இருவர். இருவரும் அந்த வாரமே தொலைதூரக் கிளைக்கு மாற்றப்பட்டார்கள். மூன்றாம் தொட்டியைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். வருகைப் பதிவேட்டில், அன்றைய தேதிக்கு நேராக, ‘வேலைக்கு வரவில்லை, சொல்லாமல் ஓடிப்போனவர்’ என்று எழுதினார்கள். உழைத்துச் செத்தவனை ஓடிப்போனவன் என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டு, ஒருத்தியை மனைவியும் அல்லாதவளாக, விதவையும் அல்லாதவளாக, நடுத்தெருவில் நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

குழாயடியில் ஒருத்தி கேட்டேவிட்டாள். “யாரோட போனாராம்?”

“நல்ல செருப்பு வீட்டுல கெடக்கு. வேலைக்குப் போடற பூட்ஸை மாட்டிக்கிட்டு எந்த மவராசன்டி ஓடிப்போவான்?” என்றாள் இவள். குடம் நிறைந்து வழிவதை யாரும் கவனிக்கவில்லை.

பதிவை எதிர்த்து மனுச் செய்ய வழி இருந்தது. ஆனால் தொழிலாளர் அலுவலகம் காகித மனுக்களை வாங்குவதை நிறுத்தியிருந்தது. கணினி வழியாக வருவதை மட்டுமே பார்க்கும். ஊரில் இருந்த ஒரே கணினி மையமோ ஆலைக்குச் சொந்தமானது. அங்கே மூன்று முறை மனு அனுப்பினாள். மூன்று முறையும் “போயிடுச்சும்மா, போயிடுச்சு” என்றார்கள். எங்கே போனது என்பதை, ஆலை மேலாளர் அவளை வழியில் நிறுத்தி அவள் மனுவிலிருந்தே ஒரு வரியைச் சொல்லிக் காட்டியபோது அவள் அறிந்துகொண்டாள். அன்று மாலையே கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் மின்பணியாளர். பழைய சாமான் கடைகளில் பத்து நாள் அலைந்து மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, மங்கிய திரை ஒன்று என எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான்.

“எல்லாம் சேந்துடுச்சு அண்ணி. போட்டு மூடத்தான் பெட்டி இல்ல. கடைக்காரன் யானை விலை சொல்றான்.”

“பெட்டிக்கா பஞ்சம்? அடுப்படியில வந்து பாரு.”

இரண்டு எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, ஓரங்களை மடித்துத் தட்டி, ஒன்றோடொன்று கோத்து அவள் ஒரு கூடு செய்தாள். மின்விசிறிக்கு முன்னால் மாவுச் சல்லடையைப் பொருத்தினாள். ஹார்ட் டிஸ்க் அதிராமல் இருக்கப் பாவாடை எலாஸ்டிக்கில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டாள். கூட்டுக்கு நான்கு கால்கள் வேண்டியிருந்தன. வீட்டில் கிடந்த அந்த நல்ல செருப்புகளை எடுத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, குதிகாலும் முன்காலுமாக நான்கு துண்டுகள் அறுத்தாள். அழைப்புமணியின் விசையே கணினிக்கும் விசையானது.

முதல் நாள் கொழுந்தன் அவசரப்பட்டு மதர்போர்டை நேராகத் தகரத்தின் மேலேயே திருகாணி போட்டு முடுக்கிவிட்டான். விசையை அழுத்தினார்கள், ஒரு பொறி, வீடே இருண்டது. ஃப்யூஸ் போனதோடு தப்பித்தது.

“தகரமும் மதர்போர்டுப் பலகையும் தொடக் கூடாது அண்ணி. நடுவுல மின்சாரம் பாயாத ஏதாவது வேணும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“செருப்பைத்தான் அறுத்தாச்சே” என்றாள் அவள். பிறகு ஆணியில் தொங்கிய கணவரின் மற்றொரு வேலைச்சட்டையை எடுத்தாள். அதில் ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றையும், அடிமுடிச்சு அறுபடாதபடி, சுற்றியிருந்த துணியோடு கத்தரித்து, நடுவே காய்ச்சிய ஊசியால் துளையிட்டு, பலகைக்கும் தகரத்துக்கும் இடையே வைத்தாள். பலகையில் ஆறு துளைகள். ஆறாவது துளைக்கு அவள் பெட்டியில் பொத்தானுக்கா குறை? ஆயிரக்கணக்கில் இருந்தன. எதை வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிளந்தது. பதினேழு பொத்தான்கள் பிளந்தபின் அந்தத் துளையை வெறுமையாகவே விட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கணினி தானாக எழுந்தது.

பதினொன்று இருபதுக்கு அந்த வெற்றுத் துளையின் அடியிலிருந்து நீலத் தண்ணீர் கசிந்தது. கொழுந்தன் பாய்ந்து மின்னிணைப்பைப் பிடுங்கினான். கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் மேசைக்காலில் இறங்கி, தரையைக் கடந்து, வாசற்படி ஏறி, தெருவில் மேட்டை நோக்கிப் போயிற்று. இரண்டு மணிக்குச் சுவடில்லாமல் உலர்ந்தது. மறுநாளும் அப்படியே. பொத்தான்காரி தன் நான்காவது மனுவை அந்தக் கணினியிலேயே எழுதி, கொழுந்தனின் கைப்பேசி இணைப்பில் அனுப்பினாள். நடந்ததையெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியாக, ‘தண்ணீர் தினமும் பதினொன்று இருபதுக்குக் கிளம்புகிறது, நேரில் வந்து பார்க்கவும்’ என்று சேர்த்தாள்.

ஒன்பதாம் நாள் விசாரணை அலுவலர் வந்தார். சிரிக்கவும் பழகாத, அதட்டவும் பழகாத ஓர் அம்மையார். மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேரம் வந்ததும் எழுந்து, தண்ணீருக்குப் பின்னாலேயே குடையோடு நடந்தார். அவருக்குப் பின்னால் பொத்தான்காரி, அவளுக்குப் பின்னால் தெரு. தண்ணீர் மேட்டில் ஏறியது. ஆலை வாயிலின் அடியில் நுழைந்தது. மூடப்பட்ட மூன்றாம் தொட்டியின் மேல் வட்டமாகத் தேங்கி நின்றது. மேலாளர் ஓடி வந்தார்.

“தண்ணி சொல்றதைக் கேட்டுக் கான்கிரீட்டை உடைக்க முடியுங்களா மேடம்?”

“மேட்டுல ஏறி வந்திருக்கு சார். நீங்க ஒரு வரி எழுதினதைவிட இது பட்ட பாடு அதிகம். உடைங்க.”

உடைக்க ஒரு பகலும் மறுபகல் பாதியும் ஆயின. உள்ளே ஒரு ஜோடி பூட்ஸும், ஒரு பெல்ட் கொக்கியும், ஒரு பொத்தானும் கிடைத்தன. மற்றதையெல்லாம் சாயம் கரைத்திருந்தது. இப்படிப்பட்ட பொத்தான் ஆலையில் ஆயிரம் உண்டு என்றார் மேலாளர். பொத்தான்காரி வீட்டுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கணினியை அப்படியே தூக்கி வந்து, மூடியைத் திறந்து காட்டினாள். அலுவலர் குனிந்து பார்த்தார். ஐந்து பொத்தான்களின் அடியிலும் தூண்டில் நரம்பு, மூன்று சுற்று முடிச்சு. கையிலிருந்த ஆறாவதைத் திருப்பினார். தூண்டில் நரம்பு, மூன்று சுற்று முடிச்சு.

பதிவேடு வரவழைக்கப்பட்டது. பழைய வரியைக் குறுக்கே அடித்து, அலுவலர் தம் கையாலேயே எழுதினார்: ‘பணியில் இருந்தார். பணியில் இறந்தார்.’ பொத்தான்காரி அதைச் சத்தமாக ஒருமுறை படிக்கச் சொன்னாள். படித்தார்கள். ஆலையின் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் வாயிற்புறத்தில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் அது கேட்டது. அப்போதுதான் அவள் அழுதாள்.

விசாரணை முடிந்து பொத்தான் அவளிடம் திரும்பி வந்தபோது, ஆறாவது துளையில் அதை வைத்து முடுக்கினாள். அது பிளக்கவில்லை. அன்றோடு தண்ணீர் நின்றது.

“இனி இது எந்திரிக்காதோ அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“வேலைன்னா நிக்காத மனுசன்டா உங்கண்ணன்.”

காலை ஆறு மணிக்கு மின்விசிறி சுழன்றது.

அதன்பின் ஆண்டுகள் பல போயின. அந்தக் கணினியிலிருந்து ஊராரின் மனுக்கள் நூற்றுக்கணக்கில் சென்றன. ஒன்றுகூட வழி தவறவில்லை. இடையில் ஆலை தன் முதல் ஷிப்டை ஐந்து மணிக்கு மாற்றி அறிவிப்பு ஒட்டியது. கணினி அதை ஏற்கவில்லை. சல்லடை துருப்பிடித்து வேறு சல்லடை வந்தது. எலாஸ்டிக் தளர்ந்து வேறு எலாஸ்டிக் வந்தது. பொத்தான்களை மட்டும் யாரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் அவசரம் என்று யாராவது மனுவோடு வந்தால், அவள் கதவைத் திறக்கும் முன்பே தெருக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

“இன்னிக்கு அவருக்கு லீவு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க, இருப்பாரு.”