ஏழாவது சிகரத்துக்கு ஒரு சுமை

லான்ஷி மலையின் ஏழாவது சிகரம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் தாமதமாக, 1994ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. அடிவாரத்து நூடுல்ஸ் கடைக்காரி ஷென், தன் முதல் மேசையில் வழக்கமாக விழும் வெயில் அன்று விழாததைக் கண்டு மாவுக் கையோடு வெளியே வந்தாள். கிழக்கே ஆற்றோரத்தில், முந்தின நாள் வரை வெறும் வானம் இருந்த இடத்தில், பைன் மரங்களோடும் இரண்டு சிற்றருவிகளோடும் ஒரு சிகரம் நின்றது. வெகுதூரம் நடந்து வந்தவர்களின் காலைப் போல அதன் அடி முழுக்கச் சேறு. "வெயிலை மறைச்சுக்கிட்டு நிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு ஷென் மேசையை மேற்குப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

அந்த மலையைப் பற்றி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கவிஞர் அதில் ஏறியதே இல்லை. பதவி போய்த் தெற்கே துரத்தப்பட்டபோது படகில் இருந்தபடி ஒரு பிற்பகல் பார்த்தார், அவ்வளவுதான். ஆறு சிகரங்கள் கரையில் நின்று தன்னை வழியனுப்பின என்றும், ஏழாவது மட்டும் மனம் கேட்காமல் படகோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தது என்றும் நான்கு வரிகள் எழுதினார். அவை ஆளுயர எழுத்துகளில் மலைமேல் ஒரு பாறையில் வெட்டப்பட்டன. நாடு முழுக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பேரரசர்கள் வந்தார்கள், பிறகு பேரரசர்களை ஒழித்தவர்கள் வந்தார்கள். வந்த எல்லாரும் எண்ணிப் பார்த்தார்கள். ஆறுதான் இருந்தது. ஏழாவது மூடுபனிக்குப் பின்னால் இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். லான்ஷியில் மூடுபனிக்குப் பஞ்சமில்லாததால் யாரும் வாதாடியதில்லை.

மலையில் வண்டி ஏறாது. அரிசி, செங்கல், கோயில்களுக்கான எண்ணெய் எல்லாம் தோள்கழியின் இரு முனைகளிலும் தொங்கியபடிதான் மேலே போகும். சுமை பிரித்துக் கொடுக்கும் ஃபான் தேகுய், ஒவ்வொரு சுமையிலும் சிகரத்தின் எண் வெட்டிய மூங்கில் வில்லையைக் கட்டிவிடுவார். மேலே சுமையை வாங்குபவர் வில்லையை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைத் திருப்பித் தருவார். அந்தப் பாதி கையில் இல்லாமல் சுமைக்காரர் இறங்க மாட்டார். தோளில் ஏற்றிய சுமையை அடிவாரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதும் கிடையாது. அப்படிக் கொண்டுவந்தவர் பிறகு கழியைத் தொடக் கூடாது. எழுதி வைத்த சட்டங்கள் பல மாறின, எழுதாத இவை மாறவில்லை. வில்லைப் பெட்டியில் ஏழு வகை வில்லைகள் இருந்தன, கவிதையில் ஏழு இருந்ததால்.

1983ஆம் ஆண்டு வசந்தத்தில் ஃபானுக்குக் கடும் ஜலதோஷம். கண்ணில் நீர் வழிய, ஆறாவது சிகரத்துக்குப் போக வேண்டிய இரும்பு அடுப்பிலும் அரிசி மூட்டையிலும் ஏழாம் எண் வில்லையைக் கட்டிவிட்டார். லுவோ பிங்ஜாங் என்ற சுமைக்காரன் அதைப் பார்த்து, "அண்ணே, இது ஏழு" என்றான். கூலி வேலைக்கு வந்தவன் வம்பு வளர்க்கிறான் என்று ஃபானுக்குத் தோன்றியது. "வில்லையைப் பாத்து நடடா, என் மூஞ்சியைப் பாத்து நடக்காதே" என்றார். பிங்ஜாங் சிரித்தான். கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூடுபனிக்குள் போனான். திரும்பவில்லை.

அவன் மனைவி சூஹோ நாற்பது நாள் தேடினாள். பிறகு வீட்டில் கிடந்த இன்னொரு கழியை எடுத்துக்கொண்டு அவனுடைய இடத்தில் வேலைக்கு வந்து நின்றாள். செத்தவர்களுக்குக் காகிதம் எரிக்கும் வசந்த நாளில் ஊரே புகையாக இருக்கும், அவள் எரிப்பதில்லை. ஆயிரத்து நானூறாவது படியில், சுமைக்காரர்கள் கழிக்கு முட்டுக் கொடுத்து மூச்சு வாங்கும் இடத்தில், கிழக்கே பார்த்தபடி நிற்பாள். பனி விலகும்போது ஆறு சிகரங்களும் ஒவ்வொன்றாகக் குளித்து எழுந்ததைப் போல வெளியே வரும். அந்த அழகு அவளுக்குப் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் பழகிப்போகவில்லை. அவளைத் தின்றதும் அதுதான். இவ்வளவு அழகான ஒன்றைப் பற்றி எழுதியவர் எண்ணிக்கையிலா பொய் சொல்லியிருப்பார் என்று நினைப்பாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஷென்னுக்கு அந்த மௌனம் பிடிக்காது. "பதினோரு வருஷமா ஒரு அடுப்பைச் சுமக்குறான் உன் புருஷன். உலகத்துலயே கனமான அடுப்பு அதுதான் போல" என்பாள்.

"வந்ததும் உன் கடையிலயா சாப்பிடப் போறாரு? நீ ஏன் கவலைப்படுற" என்று சூஹோ கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துபோவாள்.

அந்த இலையுதிர்காலத்தில் மலையை நிர்வகித்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எண்ணிப் பார்த்து ஏமாந்த பயணிகளின் புகார்க் கடிதங்கள் அலமாரியை நிறைத்துவிட்டன. 'சிகரங்கள் ஆறு. ஏழாவது கவிஞரின் கற்பனை' என்று வெட்டிய கல் ஒன்றைப் பாறைக்கு எதிரே நடுவதென்று தீர்மானமாயிற்று. கல் இரண்டு துண்டுகளாக வந்தது. திங்கட்கிழமை காலையில் அது சூஹோவின் முறைக்கு விழுந்தது. ஃபான் அவளைப் பார்க்காமலே வில்லையைக் கட்டினார்.

ஆயிரத்து நானூறாவது படியில் அவள் முட்டுக் கொடுத்து நின்றாள். இரு பக்கமும் கல் மெல்ல ஆடியது. இதை நட்டுவிட்டால் ஏழாவது சிகரம் எங்கும் இல்லை. எங்கும் இல்லாத இடத்துக்குப் போனவன் செத்தவன்தான். தன் தோளிலேயே அவனுடைய கல்லறைக் கல் போகிறது என்பது அவளுக்கு அங்கேதான் புரிந்தது. வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றாள். பிறகு திரும்பிக் கீழே நடந்தாள். ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"என்ன, வழியிலயே யாராச்சும் வாங்கிட்டாங்களா?" என்று நிமிர்ந்த ஃபான், கழியில் கல் தொங்குவதைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார். "திருப்பிக் கொண்டாந்துட்டியா? இதுவரைக்கும் யாரும் கொண்டாந்ததில்ல, சூஹோ."

"இதுவரைக்கும் யாரும் என் புருஷன் மேல வைக்கச் சொல்லி என்கிட்டயே கல்லைக் குடுத்ததில்ல, அண்ணே."

கழியை அவர் வாசலில் குறுக்கே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இனி அவள் அதைத் தொட முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சிகரம் வந்தது மறுநாள் காலையில். அதன் உச்சியில் மெல்லிய புகை தெரிந்தது. ஃபான் அறுபத்தாறு வயதுத் தோளில் அவளுடைய கழியைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். ஒரு முனையில் உப்பும் தேயிலையும், மறு முனையில் ஒரு ஜோடி துணிச் செருப்பும் சோயா விழுது ஜாடியும். "ஏழுக்குச் சுமை இருக்கு. போக ஆளில்ல."

"நான்தான் கழியை வச்சுட்டேனே."

"அது ஆறு சிகரத்துச் சட்டம்" என்றார் ஃபான். "ஏழுக்கு இன்னும் சட்டம் போடல."

படிகள் இல்லாததால் வேர்களைப் பிடித்து ஏறினாள். பைன் கிளைகளில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் எங்கோ ஓடும் படகுகளின் பாய்க் கிழிசல்கள் சிக்கியிருந்தன. பாறைக் குழிகளில் ஏரி மீன்கள் நீந்தின. அருவித் தண்ணீரைக் குடித்தபோது தாமரை வாசம் அடித்தது. மற்ற ஆறு சிகரங்களை அவள் முதல் முறையாக எதிரே நின்று பார்த்தாள். அவை வெளியூர் போய்த் திரும்பியவனை எதிர்கொண்டு அழைக்க வந்தவர்களைப் போல வரிசையாக நின்றன.

உச்சியில் பிங்ஜாங் சுள்ளிகளை மூட்டிக் காளான் சுட்டுக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே இரும்பு அடுப்பு கயிறுகூட அவிழ்க்காமல் இருந்தது. அரிசி மூட்டையின் தையல் பிரியவில்லை. தாடி மட்டும் நரைத்திருந்தது.

"யோவ், கீழ வந்திருக்கலாம்ல?"

"வாங்குறதுக்கு ஆளே இல்லையே" என்று ஒடியாத வில்லையைக் காட்டினான். "யார்கிட்ட குடுத்துட்டு வர்றது?"

"பதினோரு வருஷம்."

"இது மெதுவாத்தான் நடக்குது. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு ஆத்தைப் பாக்குது. நான் போய் இதை அவசரப்படுத்தவா முடியும்?" என்றான். காளானைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஆனா நேத்து மத்தியானத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் நிக்கவே இல்ல" என்றான்.

அவள் கழியை இறக்கி வைத்தாள். பிறகு அவன் வில்லையை வாங்கி ஒடித்து ஒரு பாதியைக் கொடுத்தாள். அவன் அவளுடையதை ஒடித்து ஒரு பாதியைக் கொடுத்தான். அதன் பிறகுதான் இருவரும் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள்.

தலைநகரிலிருந்து நிபுணர்கள் வந்து மரங்களின் வயதை எண்ணூறு என்று குறித்தார்கள். முந்தைய அளவைகள் எல்லாம் மூடுபனியில் எடுக்கப்பட்டவை என்று எழுதிக்கொடுத்தார்கள். நடாத கல்லில் ஒரு துண்டை ஷென் மாவு பிசைய எடுத்துக்கொண்டாள். பயணிகள் எண்ணுகிறார்கள், ஏழு வருகிறது, ஆச்சரியப்படாமல் போகிறார்கள். பிங்ஜாங்கும் சூஹோவும் ஏழாவதுக்குப் படி வெட்டும் கல்லைச் சுமக்கிறார்கள். எப்போதாவது ஒருவர் கரையைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்தபடி படகேறிப் போனால், அன்று கிழக்கே வெறும் வானம் தெரியும், ஷென்னின் முதல் மேசை முன்பு இருந்த இடத்தில் வெயில் விழும். அந்த மாதிரி நாட்களில் ஃபான் ஏழாம் எண் வில்லையை வெளியே எடுப்பதில்லை.