உலைக்காரரின் கால்கள்

...மூக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது, உலை வெளிச்சம் பட்ட கன்னம் சிவந்து, மறுகன்னத்தில் கரி படிந்து, அவள் தீட்டிய ஓவியத்தில் செத்துப்போன அப்பா ஆளுயரத்துக்கு நிற்கிறார், அவர் காலமெல்லாம் சாப்பிட்ட இதே இரும்பாலைக் கேண்டீன் சுவரில்... கண்காட்சிகளில் எத்தனை பெரிய மனிதர்கள் அவள் ஓவியங்களைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் இப்படிப் பயந்தாளா என்ன? அவர்களுக்கு இரும்பு உருக்குவது என்றால் புகையும் நெருப்பும்தான், உலையடியில் நிற்கிற இவர்களுக்கல்லவா தெரியும், இவர்கள் சரி என்றால்தான் சரி. சங்கு ஊதியதும் தட்டோடு வந்தவர்கள் சாப்பாட்டு வரிசையை மறந்து படத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள், உலையின் பழைய விரிசலைக்கூட விடவில்லையே என்று ஒருவர் சிரித்தார், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் வேலை பழகிய மேஸ்திரி மட்டும் படத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தை விட்டுவிட்டு ஏன் காலை?

"எல்லாம் சரிதாம்மா," என்றார் கடைசியில். "ஆனா பேண்ட்டை பூட்ஸுக்குள்ள செருகிக்கிட்டு எவனும் உலைகிட்ட போகமாட்டான். தெறிக்கிற இரும்பு நேரா உள்ள இறங்கிடும். வெளியதான் தொங்கணும்."

சுருக்கென்றது. இருபது வருஷமாகத் தொழிலாளிகளையே வரைகிறவள், உலைக்காரர் மகள் வேறு, இதுகூடவா தெரியாமல் போயிற்று... அப்பாவின் பேண்ட் நுனியில் பொத்தல் பொத்தலாய்க் கருகியிருப்பதை அம்மா ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டே இருப்பாளே, பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தாள்? ஆனால் வேலை உடுப்பில் அப்பா எடுத்துக்கொண்ட ஒரே போட்டோவில் செருகித்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தானே வரைந்தாள். அதைச் சொன்னதும் மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"பத்தொம்பது நாள் வேலைநிறுத்தம் பண்ணி வாங்கின பூட்ஸும்மா அது. அதுவரைக்கும் செருப்போடதான் நின்னோம். பேண்ட் மறைச்சா போட்டோவுல எப்படித் தெரியும்? அதான் உங்கப்பா செருகிக்கிட்டாரு."

அவர் வரிசைக்குப் போய்விட்டார். அவள் வண்ணப்பெட்டியைத் திறந்து, தூரிகையைக் காக்கி நிறத்தில் தோய்த்து, அப்பாவின் காலடியில் மண்டியிட்டாள், பேண்ட்டை இறக்கிவிடப் பத்து நிமிஷம் போதும், இறக்காவிட்டால் வேலை தெரியாத ஆள் என்று நாளை வருகிறவன் சிரிப்பான், இறக்கினால் பூட்ஸ் மறைந்துவிடும்... நெஞ்சு கர்வத்தில் விம்மியது, கை மட்டும் எழவில்லை. யாராவது தன்னைப் பார்க்க வேண்டும் என்று அப்பா ஒருநாளும் நினைத்ததில்லை, அவருக்காக நாம்தான் வரைந்து காட்ட வேண்டும் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள், அவரோ பூட்ஸ் தெரியவேண்டும் என்று தானே செருகிக்கொண்டு நின்றிருக்கிறார்...