கிழக்குத் தூணடி

என் மாமனார் தெபகாரோ வாயைத் திறந்தபடி நின்றார், சொல் வரவில்லை. தீவின் சபையில் முதல் வார்த்தை பேசும் உரிமை உள்ளவர் வார்த்தையில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அவருடைய இடமான கிழக்குத் தூணடியில் கினாய் என்ற சிறுமி காலை மடக்கி உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூரையைப் புயல் தூக்கிப் போனதிலிருந்து வகுப்புகள் சபை மண்டபத்தில்தான் நடந்தன. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தத்தம் குடும்பத்து இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் தீவில் அது நடை பழகுமுன்பே தெரிந்துவிடும். கினாய் குடும்பத்தின் இடம் மேற்கு ஓரம், ஓலை ஒழுகும் மூலை. அவள் முன்னோர் வேறு தீவிலிருந்து படகில் வந்தவர்கள். வந்த வரிசையில் கடைசி.

சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்க நியூசிலாந்திலிருந்து வந்த ஹாமிஷுக்கு இது பொறுக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை எல்லோரையும் எழுப்பி, மதிப்பெண் வரிசைப்படி உட்காரவைத்துவிட்டார். முதல் மதிப்பெண் கினாய்.

நான் தலைமையாசிரியை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க!" என்று பதறினேன்.

"பிறந்ததுக்கு ஒரு இடமா, டீச்சர்? தகுதிக்குத்தான் இடம். இதை இந்தத் தீவுக்கு யாராவது சொல்லித்தானே ஆகணும்?" அவர் கண் கலங்கியிருந்தது. தன் பேச்சைத் தானே கேட்டால் அவருக்கு அப்படி ஆகும்.

மாமனார் வீட்டில் மீனைத் தொடவில்லை. "சனிக்கிழமை விருந்து. தூணடிக்கு வர்ற பன்றித் தலையை யாரு முன்னாடி வைப்பாங்க?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"பள்ளிக்கூட நேரத்துல ஒரு புள்ள உக்காந்தா இடம் போயிடுமா மாமா?"

"போய் மொவானிபாவைக் கேளு."

மொவானிபா கினாயின் அப்பா. கிணற்றடியில் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார். "நாங்களா கேட்டோம்? வாத்தியார் கூப்பிட்டு உக்கார வச்சாரு. வந்ததை வேணாம்னா மரியாதையா இருக்குமா?"

"அப்ப சனிக்கிழமை மொதப் பேச்சு உன்னோடதா? உன் பொண்டாட்டிகிட்டயே உனக்குப் பேச்சு வராதேய்யா!" என்றாள் ஒருத்தி. சிரிப்பதற்குள் அவளுக்கே திகில் பிடித்துவிட்டது.

புது மதிப்பெண்ணுக்குப் புது இடம் என்று ஹாமிஷ் வைத்த வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு மாமனார் பாயும் பென்சிலுமாக வந்து நின்றார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. ஹாமிஷ் பூரித்துப்போனார். "இந்த வயசுல படிக்க வர்றார்! நான் கடல் தாண்டி வந்ததுக்கு இது போதும், டீச்சர்!" படம் வேறு எடுத்துக்கொண்டார்.

கணக்கெல்லாம் ரயிலைப் பற்றி. மாமனார் பிரசங்கம் கேட்பதுபோலத் தலையாட்டியபடி கேள்வித்தாளைப் பார்த்தார். பிறகு எழுந்தார். மண்டபத்தின் குறுக்கே நடந்துபோய்த் தூணடியில் குனிந்தார்.

"கினாய், உன் விடைத்தாளைத் தாத்தாவுக்குக் குடு கண்ணு."

எங்கள் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் எங்கேயோ ஒரு வகையில் உறவு. உறவு வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். சைக்கிளானாலும் சரி, உடுத்திய சட்டையானாலும் சரி. மறுத்தவனுக்கு மனிதன் என்று பெயரில்லை. கேட்டவன் கை தாழ்ந்துவிடும் என்பதால்தான் பெரியவர்கள் கேட்பதே கிடையாது. என் மாமனார் ஒரு குழந்தையிடம் கேட்டுவிட்டார்.

கினாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொடுத்தாள்.

"திருட்டு!" என்று கத்தினார் ஹாமிஷ்.

"திருட்டா? எல்லாரும் பார்க்கக் கேட்டுல்ல வாங்கினேன்?" மாமனார் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். அவள் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதி நீட்டினார். "மார்க் குடுங்க, தம்பி."

வந்த நாளிலிருந்து எங்கள் மீனையும் இளநீரையும் கேட்டுக் கேட்டே வளர்ந்த தொப்பை ஹாமிஷுக்கு. பிள்ளைகள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் நூறு போட்டார். போட்டுவிட்டு, வேறு யாரோ எழுதியதுபோலப் பேனாவைப் பார்த்தார்.

கினாய்க்குப் பூஜ்யம். ஒழுகும் மூலைக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை மாமனார் தலையில் பூவளையத்தோடு தூணடியில் அமர்ந்தார். தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மூலையில் கினாய் எழுந்து நின்றாள். மொவானிபா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடி! கொன்னுடுவாங்க!"

"தாத்தா, அந்த இடத்தை எனக்குக் குடுங்க."

சீமைப்பலா பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கும் அது கேட்கக்கூடிய பொருள் என்று தோன்றியதில்லை. மாமனார் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். முடியாது என்றால் இடம் மிஞ்சும். நேற்றுக் கேட்டு வாங்கியவர் இன்று மறுத்தார் என்ற பேச்சும் மிஞ்சும்.

"எடுத்துக்கோ" என்றார்.

இடம் போனால் குடும்பமே எழவேண்டும். பாய்களைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே நடந்தோம். எதிரே மொவானிபா குடும்பம், பிடிபட்டவர்கள்போல முகம் வெளிறி வந்தது. நடுவில் சந்தித்தபோது யார் யாருக்கு வழிவிடுவது என்று இரு தரப்புக்கும் தெரியவில்லை.

ஹாமிஷ் என் பின்னாலேயே ஓடிவந்தார். "இது அநியாயம் டீச்சர்! சும்மா கேட்டு வாங்கறதா? உங்க மாமனார் நூறு மார்க்!"

"நீங்க போட்டதுதானே சார்."

பன்றித் தலை கினாய் முன்னால் போய் இறங்கியது. அது தன்னைத் தாண்டிப் போவதை மாமனார் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"இந்த மூலைக்குச் சாப்பாடு எப்ப வரும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த பாயில் இருந்தவரைக் கேட்டேன்.

"சில தடவை வரும்" என்றார் அவர்.